பெயரை எழுதிவிட்டுப் போ!

பிள்ளைகளே, உங்கள் அண்ணனோ அக்காவோ பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறதா? 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கியது அது. அதன் அடித்தளம் லினக்ஸ். உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸின் கெர்னல்தான்.

கெர்னல் என்றால் என்ன? மெமரியில் யாருக்கு எவ்வளவு இடம், பிராசஸர் இப்போது யாருடைய வேலையைச் செய்யட்டும், திரைக்கும் கீபோர்டுக்கும் யார் பேசுவது என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் நிரல் அது. 1991-ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதுகிறார்கள்.

உலகத்தில் எத்தனை வகை கேமரா, பிரிண்டர், வைஃபை கருவிகள் இருக்கின்றன! அத்தனையையும் இயக்கும் நிரல்களை எப்போதும் சுமந்துகொண்டிருந்தால் கெர்னல் தாங்காது. அதனால் அவை தனித்தனிக் கோப்புகளாக டிஸ்கில் கிடக்கும். அவற்றுக்கு மாட்யூல் என்று பெயர். புதிதாக ஒரு கேமராவைச் செருகினால், அதற்குரிய மாட்யூல் மட்டும் கெர்னலுக்குள் ஏற்றப்படும். ஏற்றுவது எளிய வேலைபோலத் தெரிகிறது, இல்லையா? பல ஆண்டுகள் அனுபவமுள்ள பொறியாளர்களையே திணறவைத்த சிக்கல் இதில்தான் ஒளிந்திருந்தது.

மூன்று குடம் தண்ணீர்

மல்லாங்கிணற்றில் ஒரு பள்ளி, சித்திரை வெயில், எட்டாம் வகுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் மூலையில் ஒரு குடம் மட்டுமே நிற்கக்கூடிய ஸ்டாண்டு. குடம் காலி. மாரி அதைப் பார்க்கிறான். வேறொரு குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போகிறான். அவன் திரும்புவதற்குள் செல்வி பார்க்கிறாள். அவளுக்கும் ஸ்டாண்டில் காலிக் குடம்தான் தெரிகிறது. அவளும் போகிறாள். பின்னாலேயே கண்ணனும் போகிறான். கடைசியில் மூன்று குடம் தண்ணீர் வந்து நிற்கிறது. வைக்க இடம் ஒன்றுக்குத்தான். நம் பக்கத்தில் கோடைக் காலத்தில் இரண்டு குடம் தண்ணீர் வீணாவது சின்ன விஷயமா?

தப்பு யாருடையது? மூன்று பேரும் பார்த்தது உண்மைதான். மூன்று பேரும் நல்லதைத்தான் செய்தார்கள். ஆனால் பார்த்ததற்கும் செய்து முடித்ததற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் இன்னொருவர் புகுந்துவிட்டார். கம்ப்யூட்டர் உலகில் இதை ரேஸ் கண்டிஷன் என்பார்கள். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவே மாறிவிடும். மாரி சீக்கிரம் திரும்பிவிட்டால் அன்றைக்கு ஒன்றுமே ஆகாது. நூறு முறை சரியாக ஓடிவிட்டு நூற்றோராவது முறை காலை வாருவதால்தான் இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம்.

304 பைட் இடமில்லை!

இந்தக் குடக் கதை உண்மையிலேயே லினக்ஸுக்குள் நடந்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 17, 18-ஆம் பதிப்புகளைப் பயன்படுத்திய சிலருக்கு, கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஒரு பிழைச் செய்தி வந்தது. கேவிஎம் என்ற மாட்யூலுக்கு 304 பைட் இடம் ஒதுக்க முடியவில்லை என்றது அது. 304 பைட்டில் தமிழில் ஏறக்குறைய நூறு குறிகளைத்தான் எழுத முடியும். அவ்வளவு சின்ன இடத்துக்கா பஞ்சம்?

பொறியாளர்கள் காரணத்தைத் தேடிப் போனார்கள். பெரிய கம்ப்யூட்டர்களில் பிராசஸர் ஒன்று அல்ல. டஜன் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒன்றாக, 'கேவிஎம் மாட்யூலை ஏற்று' என்ற கோரிக்கை ஒரே நேரத்தில் போயிருக்கிறது. அத்தனையும் ஒரே மாட்யூலுக்கு! கெர்னல் அப்போது வேலை செய்த வரிசை இது: கோப்பைப் படி, மெமரியில் இடம் ஒதுக்கு, அதற்கப்புறம் இதே பெயரில் மாட்யூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலைப் பார். இருந்தால் ஒதுக்கிய இடத்தைத் திருப்பிக் கொடு.

கேவிஎம் கேட்ட 304 பைட், மெமரியின் ஒரு தனிப் பகுதியிலிருந்து வர வேண்டியது. அந்தப் பகுதியில் மாட்யூல்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது 8192 பைட்தான். அதை 304-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த இடம் முழுவதும் காலியாக இருந்தாலும் 26 பிரதிகளுக்குமேல் கொள்ளாது. 32 கோரிக்கைகள் ஒன்றாக வந்து நின்றால்? பின்னால் வந்தவற்றுக்கு இடமில்லை. அப்புறம் தூக்கி எறியப்போகும் பிரதிகளே இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன.

இதைத் தீர்த்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரஸ்டி ரஸ்ஸல். மாட்யூல் ஏற்றும் பகுதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே திருத்தி எழுதியவர் அவர். 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8-ல் அவருடைய தீர்வு இடம்பெற்றது. வேலையின் வரிசையை அவர் மாற்றினார். இடம் கேட்பதற்கு முன்பே மாட்யூலின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். நம் வகுப்பில் 'தண்ணீர் எடுக்கப் போனது மாரி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவதுபோல.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஒன்று, பலகையில் மாரியின் பெயரைப் பார்த்ததும் தண்ணீர் வந்துவிட்டது என்று செல்வி டம்ளரை நீட்டக் கூடாது. அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் பெயரோடு நிலையையும் குறித்து வைத்தார்கள். 'இன்னும் உருவாகவில்லை' என்ற புதிய நிலை ஒன்று இதற்காகவே சேர்க்கப்பட்டது. இரண்டாவது, மாரியும் செல்வியும் ஒரே நொடியில் பலகைக்கு வந்தால்? இருவருக்கும் பலகை வெறுமையாகத்தானே தெரியும்! அதற்கு ஒரே வழி, வகுப்பில் ஒரே ஒரு சாக்பீஸ் வைப்பது. சாக்பீஸைக் கையில் வைத்திருப்பவர்தான் பலகையைப் பார்க்கலாம், எழுதலாம். பார்ப்பதும் எழுதுவதும் நடுவே யாரும் புக முடியாத ஒரே செயலாகிவிடுகிறது. கெர்னலில் இந்தச் சாக்பீஸின் பெயர் மியூட்டெக்ஸ்.

பத்து ஆண்டு கழித்து

பிரச்சினை அதோடு முடிந்துவிடவில்லை. பிராசஸர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகியது. மாட்யூலின் பெயர் அதன் கோப்புக்குள்ளேதான் எழுதப்பட்டிருக்கும். பெயர் தெரிய வேண்டுமானால் முதலில் கோப்பு முழுவதையும் மெமரிக்குள் கொண்டுவர வேண்டும். அதாவது மூன்று பேரும் குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்த பிறகுதான் பலகையைப் பார்க்கிறார்கள். ஸ்டாண்டில் நெரிசல் இல்லை. ஆனால் தண்ணீர் வீணாவது நிற்கவில்லை. பெரிய கம்ப்யூட்டர்கள் தொடங்கும்போது ஒரே கோப்பின் எக்கச்சக்கமான பிரதிகள் மெமரியை விழுங்கின.

இம்முறை லினஸ் டோர்வால்ட்ஸே தீர்வை எழுதினார். 2023 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 6.5-ல் அது சேர்ந்தது. பெயரைத் தெரிந்துகொள்ளக் கோப்பு முழுவதையும் மெமரிக்குள் கொண்டுவர வேண்டியதே இல்லை. டிஸ்கில் எது எந்தக் கோப்பு என்று கெர்னலுக்கு முன்பே தெரியும். அந்த அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் வந்த கோரிக்கை மட்டும் வேலையைச் செய்யும். அதே கோப்புக்காகப் பின்னால் வந்தவை உறங்கிக் காத்திருக்கும். வேலை முடிந்ததும் முதல் கோரிக்கைக்குக் கிடைத்த பதிலே மற்றவற்றுக்கும் போகும். வெற்றியானாலும் தோல்வியானாலும் அதுதான் பதில். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாரி வந்து சொல்லிவிட்டால், அதே நேரத்தில் காத்திருந்தவர்கள் மறுபடி நடக்க வேண்டாம் அல்லவா?

இரண்டு திருத்தங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் கம்ப்யூட்டரின் வேகத்தை யாரும் கூட்டவில்லை. மெமரியைப் பெரிதாக்கவும் இல்லை. குறித்து வைப்பதை இன்னும் முன்னால் நகர்த்தினார்கள். வரிசையைச் சரிசெய்வதே ஒரு கண்டுபிடிப்பாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ரயிலில் ஒரே படுக்கை இருவருக்குப் பதிவாகாமல் காப்பதும், ஒரே வங்கிக் கணக்கில் இரண்டு இடங்களிலிருந்து பணம் எடுத்தாலும் கணக்கு பிசகாமல் காப்பதும் இதே சிந்தனைதான்.

செய்து பாருங்கள்

பலகையில் 0 என்று எழுதுங்கள். நான்கு பேர் ஆளுக்கொரு சாக்பீஸோடு ஆடுங்கள். ஒவ்வொருவரும் பலகையிலுள்ள எண்ணைப் பார்த்து, தன் இடத்துக்குப் போய், நோட்டில் ஒன்றைக் கூட்டி, திரும்பி வந்து பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து முறை. ஒருவரோடொருவர் பேசக் கூடாது. இருபது முறை ஒன்றைக் கூட்டினால் 20 வர வேண்டும். பெரும்பாலும் குறைவாகவே வரும். ஏன் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஒரே ஒரு சாக்பீஸோடு ஆடுங்கள். அது கையில் இல்லாதவர் பலகையைப் பார்க்கக்கூடக் கூடாது. சாக்பீஸ் வைத்திருப்பவர் எழுதி முடித்த பிறகே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். 20 தவறாமல் வரும். ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள், நேரம் கூடியிருக்கும். மற்ற மூவரும் சும்மா நிற்கிறார்கள் அல்லவா? விடையும் தவறக் கூடாது, நேரமும் குறைய வேண்டும். நோட்டை இடத்திலேயே விட்டுவிட்டுப் பலகை முன்னால் நின்றே கூட்டினால் என்ன ஆகும்? சாக்பீஸ் ஒருவர் கையில் இருக்கும் நேரத்தை இன்னும் எப்படிச் சுருக்கலாம்? உங்கள் வழியை ஆசிரியரிடம் சொல்லுங்கள். கெர்னல் எழுதுகிறவர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.