லாரியின் டயரும் ஸ்பிரிங்கும்: டீசல் சிக்கனத்தின் மறுபக்கம்

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை வெளிநாடுகளிலிருந்து தருவித்துக்கொள்கிறது. பெட்ரோலியப் பொருள்களுள் நாம் மிகுதியாகச் செலவிடுவது டீசல். அதில் கணிசமான பங்கு சரக்கு லாரிகளுக்குப் போய்ச் சேருகிறது. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துத் தொழில் நடத்தும் லாரி உரிமையாளரின் செலவுக் கணக்கிலும் முதலிடம் பெறுவது டீசலே.

எரிபொருள் சிக்கனம் என்றவுடன் எஞ்சினைப் பற்றி மட்டுமே நாம் எண்ணுகிறோம். எஞ்சின் தரும் ஆற்றல் பயனுள்ள ஓட்டமாக மாறுவது சக்கரங்களின் வாயிலாகத்தான். அங்கு ஸ்பிரிங், டயர், பட்டறைகளில் 'அலைன்மென்ட்' என வழங்கும் சக்கர ஒழுங்கமைவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. இவற்றுள் ஒன்றை மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் கவனியாது விட்டால், எதிர்பார்த்த பயன் கிட்டுவதில்லை. சில வேளைகளில் நட்டமே மிஞ்சுகிறது.

இருவகைத் தடைகள்

சமதளச் சாலையில் ஒரே சீராக ஓடும் லாரியை இரண்டு தடைகள் பின்னிழுக்கின்றன. ஒன்று காற்றுத் தடை. மற்றது உருளல் தடை. பாரத்தால் டயர் தரையில் நசுங்கி, மீண்டும் தன் உருவை அடைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இவ்வாறு நிகழும்போது ரப்பரிலும் இழைகளிலும் வெப்பமாக வீணாகும் ஆற்றலே உருளல் தடைக்கு முதற்காரணம்.

சரக்குடன் 28 டன் எடையுள்ள மூன்று அச்சு லாரி ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். டயர்களின் தடை மொத்த எடையில் ஆயிரத்தில் 7 பங்கு எனில், உருளல் தடை ஏறத்தாழ 1,900 நியூட்டன் ஆகும். காற்றுத் தடையோ 1,050 நியூட்டன் அளவே இருக்கும். அதே லாரி 100 கி.மீ. வேகத்தில் ஓடினால் காற்றுத் தடை சுமார் 2,900 நியூட்டனாக உயர்ந்துவிடும். எனவே அதிவேகச் சாலைகளைக் கொண்ட நாடுகளில் லாரியின் முகப்பு வடிவத்திற்குத் தரப்படும் முதன்மையை, மிதமான வேகத்தில் மிகுந்த பாரத்துடன் ஓடும் நம் லாரிகளில் டயருக்கே தரவேண்டும்.

டயர் மாற்றம்

நம் லாரிகளில் நெடுங்காலம் கோலோச்சியவை நைலான் டயர்கள். இவற்றில் இழை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்கும் செல்கின்றன. டயர் நசுங்கும்போது அவை ஒன்றையொன்று உரசி வெப்பமடைகின்றன. 1946-இல் பிரான்ஸ் நாட்டின் மிஷலின் நிறுவனம் காப்புரிமை கோரிய ரேடியல் டயரில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன; தரையைத் தொடும் பகுதியை எஃகுப் பட்டைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. இதனால் பக்கச் சுவர் எளிதில் வளைகிறது. தரைப்பகுதி நிலையாக உருள்கிறது. நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறும் லாரியில் எரிபொருள் செலவு ஏறத்தாழ 5 விழுக்காடு அளவுக்குக் குறையக்கூடும்.

ஆயினும் இந்த ஆதாயம் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. முதலாவது, காற்றழுத்தம். சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டு அழுத்தம் குறைந்தால் டீசல் செலவு ஒரு விழுக்காடு வரை கூடும். ரேடியல் டயரின் பக்கச் சுவர் இயல்பாகவே சற்றுப் பிதுங்கி நிற்பதால், காற்றுக் குறைவைக் கண்ணால் கண்டறிய இயலாது; அளவுமானியே துணை.

இரண்டாவது, இரட்டைச் சக்கரங்களின் பொருத்தம். பின் அச்சில் ஒரே பக்கத்தில் இணைந்து சுழலும் இரு டயர்களின் விட்டத்தில் 6 மி.மீ. வேறுபாடு இருந்தால், ஒரு சுற்றுக்குச் சுமார் 19 மி.மீ. வீதம், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவு ஏதேனும் ஒரு டயர் தேய்த்துக்கொண்டே செல்லவேண்டியிருக்கும். புதிய டயரைத் தேய்ந்த டயருடனோ, ரேடியலை நைலானுடனோ இணை சேர்க்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலைன்மென்ட்

முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட ஒன்றையொன்று சற்றே நெருங்கியிருப்பதை 'டோ-இன்' என்பர். இவ்வளவு மிகுந்தால் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடுகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள டயர்களில் டோ-இன் தேவைக்கு மேல் 3 மி.மீ. கூடினால், ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. தில்லியையும் சென்னையையும் இணைக்கும், சுமார் 2,800 கி.மீ. நீளமுள்ள தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒரு முறை கடக்கும்போது இது 4 கி.மீ. தூரத்தைத் தாண்டிவிடும். இத்தேய்மானத்திற்கு வேண்டிய ஆற்றலையும் டீசலே தருகிறது.

ரேடியல் டயர்களுக்கு வேண்டிய டோ-இன் நைலான் டயர்களுக்கு வேண்டியதைவிடப் பொதுவாகக் குறைவு. டயரை மட்டும் மாற்றி, பழைய அளவை அப்படியே விட்டுவிடுவோர், விலை உயர்ந்த புதிய டயரைத் தாமே தேய்த்தழிப்போர் ஆகின்றனர்.

பின் அச்சும் நேராக நிற்கவேண்டும். அதனை ஸ்பிரிங்குடன் பிணைக்கும் யு-போல்ட் தளர்ந்தாலோ, சென்டர் போல்ட் முறிந்தாலோ, அச்சு ஒரு பக்கம் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். இரண்டு பின் அச்சுகளுள்ள லாரியில் அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லையெனில், எட்டு டயர்களும் ஓயாது தேயும்.

ஸ்பிரிங்கில் செய்யும் மாற்றங்கள்

மிகுதியான பாரம் ஏற்றும் பொருட்டு, கூடுதல் கமான் பட்டைகளைச் சேர்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இதனால் நேரும் விளைவுகள் பல. பின்புறம் உயர்வதால் வண்டி முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரம் திரும்பும் கிங்-பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் 'காஸ்டர்' கோணம் இதனால் குறைகிறது. வண்டி தானே நேர்வழிக்குத் திரும்பும் இயல்பை இழக்க, ஓட்டுநர் இடைவிடாது ஸ்டியரிங்கைத் திருத்தவேண்டியவர் ஆகிறார். காலியாகத் திரும்பும்போது இறுகிய ஸ்பிரிங் வளைந்து கொடுப்பதில்லை. சக்கரம் துள்ளி, டயரில் திட்டுத் திட்டாகத் தேய்வு உண்டாகிறது.

பெரும்பாலான நம் லாரிகளில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே திண்ணிய அச்சில் அமைந்துள்ளன. டோ-இன் அளவை டை ராட் என்னும் தண்டே நிர்ணயிக்கிறது. ஆகவே, கார்களிற்போல உயர மாற்றத்தால் டோ-இன் உடனே கெடுவதில்லை. இதைக் கண்டு, ஸ்பிரிங்குக்கும் அலைன்மென்ட்டுக்கும் தொடர்பில்லை எனக் கருதுவது தவறு. காஸ்டர் கோணமும், அச்சின் நேர்நிலையும், ஸ்டியரிங்கின் நடுநிலையும் ஸ்பிரிங்கைப் பொறுத்தே அமைகின்றன.

பட்டை சேர்ப்பதால் சட்டம் அனுமதிக்கும் பாரமும் உயர்ந்துவிடாது. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்குரிய உச்ச எடை 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட பாரம் தண்டனைக்கு உரியது. சாலைச் சேதமோ அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கு வீதத்தில் பெருகுகிறது. பாரம் 20 விழுக்காடு கூடினால் சேதம் இரு மடங்காகிறது.

அளப்பதில் எச்சரிக்கை

மாற்றம் பயன் தந்ததா என்பதை அறிய மைலேஜ் கணக்கிடுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வண்டியின் தூரமானி சக்கரச் சுற்றுகளையே எண்ணுகிறது. முற்றிலும் தேய்ந்த டயருக்கும் புதிய டயருக்கும் ஆரத்தில் சுமார் 2 விழுக்காடு வேறுபாடு உண்டு. புதிய டயரில் அதே தூரத்தைக் கடக்கச் சுற்றுகள் குறைவதால், தூரமானி குறைத்துக் காட்டும். மைலேஜ் விழுந்துவிட்டதாகத் தோன்றும். மேலும், புதிய டயரின் தடித்த ரப்பர் தொடக்கத்தில் சற்று மிகுதியான உருளல் தடையையும் தரும். ஆகவே தூரத்தைச் செயற்கைக்கோள் கருவியாலோ, சாலையின் கிலோமீட்டர் கற்களாலோ சரிபார்த்து, ஒரே பாரம், ஒரே தடம் என்ற அடிப்படையில் ஒப்பிடுவதே முறையாகும்.

செய்யவேண்டுவன

லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் லாரி ஒன்று மாதம் 8,000 கி.மீ. செல்வதாகக் கொண்டால், அதற்கு 2,000 லிட்டர் டீசல் தேவை. இதில் 5 விழுக்காடு மிச்சப்படுத்தினால் மாதம் 100 லிட்டர், ஆண்டுக்கு 1,200 லிட்டர் எஞ்சும். சுமார் 3 டன் கரியமில வாயு காற்றில் கலப்பதும் தவிர்க்கப்படும். சிறு உரிமையாளருக்கு இந்த 1,200 லிட்டர், கடன் தவணை தவறாமல் கட்டுவதற்கும் தவறுவதற்கும் இடைப்பட்ட வேறுபாடாக இருக்கலாம்.

மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட அறிவிக்கை கார், லாரி, பேருந்து டயர்களுக்கு உருளல் தடை, ஈரச் சாலையில் பிடிமானம், ஓசை ஆகியவற்றில் வரம்புகளை விதித்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் தொழிற்சாலையில் தேர்ச்சி பெற்ற டயர், தவறான அழுத்தத்துடன், வளைந்த அச்சில், கூடுதல் பட்டைகளின் கீழ் ஓடுமானால் அத்தேர்ச்சியால் விளையும் பயன் மிகச் சிறிதே. 1978 முதல் எரிபொருள் சிக்கனத்தைப் பரப்பிவரும் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கத்தின் பயிற்சிகளிலும், ஓட்டுநர் பள்ளிகளிலும், வண்டிகளின் தகுதிச் சோதனையிலும் சக்கரங்களுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும். டயர் மாற்றும் நாளும் ஸ்பிரிங் பழுதுபார்க்கும் நாளும் அலைன்மென்ட் பார்க்கும் நாளாகவும் அமைவதை லாரி உரிமையாளர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது; காலமோ சில மணி நேரம். வீட்டுக்கும் நாட்டுக்கும் இதனால் விளையும் சேமிப்பு ஆண்டு முழுவதும் தொடரும்.