காசைத் தேய்க்கலாமா?

பல வீடுகளில் பழைய காசுகள் இருக்கும். பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கும். சாமி மாடத்தில் இருக்கும். பரணில் உள்ள தகரப் பெட்டியில் கிடக்கும். இவற்றில் பல செம்புக் காசுகள்.

பழைய செம்புக் காசு பளபளப்பாக இருக்காது. பழுப்பாக இருக்கும். சில காசுகள் கறுத்துப் போயிருக்கும். சில பச்சை நிறமாக இருக்கும். பார்த்தவுடன் நமக்கு என்ன தோன்றும்? "கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே" என்று தோன்றும்.

செம்புக் குடத்தை அப்படித்தானே தேய்க்கிறோம்? காசையும் தேய்த்தால் என்ன?

தேய்க்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

காசு என்ன சொல்கிறது?

நம் நாட்டில் செம்புக் காசு மிகப் பழைய காலம் முதல் உண்டு. ஒவ்வொரு அரசரும் தமக்கெனக் காசு அடித்தார்கள். மைசூரை 1782 முதல் 1799 வரை திப்பு சுல்தான் ஆண்டார். அவருடைய செம்புக் காசில் ஒரு பக்கம் யானை இருக்கும். மறுபக்கம் காசு அடித்த ஊரின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். பல காசுகளில் ஆண்டும் உண்டு.

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சியில் இருந்த பகுதிகள் முழுவதற்கும் ஒரே மாதிரிக் காசுகளைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று செம்புக் காலணா. அதன் எடை சுமார் ஆறரை கிராம். 4 காலணா சேர்ந்தால் ஓர் அணா. 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு எத்தனை காலணா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 காலணா.

1862 முதல் செம்புக் காசுகளிலும் விக்டோரியா ராணியின் உருவம் வந்தது. 1906 முதல் காலணாவைச் செம்புக்குப் பதிலாக வெண்கலத்தில் அடித்தார்கள். வெண்கலத்திலும் பெரும் பங்கு செம்புதான். 1943இல் நடுவில் துளை உள்ள காலணா வந்தது. அது உலகப் போர் நடந்த காலம். உலோகத்தை மிச்சப்படுத்த வேண்டியிருந்தது. மக்கள் அதை ஓட்டைக் காலணா என்றார்கள். 1957 ஏப்ரல் 1 முதல் அணாக் கணக்கு மாறியது. 100 பைசா ஒரு ரூபாய் என்று ஆயிற்று. அப்போது வந்த சின்னஞ்சிறு ஒரு நயா பைசாவும் வெண்கலம்தான்.

யார் ஆண்டார்? எந்த ஊரில் அடித்தார்கள்? எந்த ஆண்டு? இவற்றை எல்லாம் காசு சொல்கிறது. காசும் படிக்க வேண்டிய ஒன்றுதான். அதில் உள்ள எழுத்து அழிந்துவிட்டால் அது வெறும் செம்புத் துண்டு.

காசுக்கு ஒரு தோல் உண்டு

செம்பு காற்றில் இருந்தால் மெல்லப் பழுப்பாகும். காற்றில் உள்ள ஆக்சிஜன் செம்புடன் சேர்வதால் இப்படி ஆகிறது. மண்ணில் புதைந்து கிடந்தால் ஈரமும் சேரும். கரியமில வாயுவும் சேரும். அப்போது பச்சை நிறம் வரும்.

இந்தப் பழுப்பும் பச்சையும் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காசின் மேல்பகுதிச் செம்பே இப்படி மாறியிருக்கிறது. இது காசின் தோல். கெட்டியாக, வழுவழுப்பாக இருக்கும் தோல் உள்ளே இருக்கும் செம்பைக் காக்கிறது. நூறு, இருநூறு ஆண்டுகள் ஆன பின் எழுத்தின் கூர்மை எல்லாம் இந்தத் தோலில்தான் இருக்கும்.

புளியில் அமிலம் இருக்கிறது. எலுமிச்சம் பழத்திலும் இருக்கிறது. அமிலம் இந்தத் தோலைக் கரைத்துவிடும். தோலோடு எழுத்தும் போய்விடும்.

அப்படியானால் குடத்தை மட்டும் ஏன் தேய்க்கிறோம்? குடத்தில் குடிதண்ணீர் வைக்கிறோம். செம்புக் களிம்பு வயிற்றுக்குள் போனால் கெடுதல். அதனால் தேய்த்தே ஆக வேண்டும். குடத்தில் படிக்க வேண்டிய எழுத்து இல்லை. காசில் நாம் சமைப்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை.

உப்பும் புளியும் சேர்த்துத் தேய்ப்பது இன்னும் மோசம். காசில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் உண்டு. அவற்றில் உப்பு தங்கிவிடும். பிறகு அது செம்பை உள்ளேயிருந்து அரிக்கும்.

அண்ணனும் தம்பியும்

ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா விட்டுச் சென்ற யானைக் காசு இரண்டு. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் தன் காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். காசு புதுப் பாத்திரம் போல மின்னியது.

"பார்த்தாயாடா, தங்கம் மாதிரி இருக்கிறது" என்றார்.

"மின்னுகிறது அண்ணே. ஆனால் யானையின் தந்தம் எங்கே? பின்னால் இருந்த எழுத்தையும் காணோமே" என்றான் தம்பி.

தம்பியின் காசு பழுப்பாகவே இருந்தது. ஆனால் யானையின் வால்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எழுத்தும் இருந்தது. பாரசீகம் தெரிந்தவர் ஒருவர் அதைப் பார்த்தால் ஊரின் பெயரைச் சொல்லிவிடுவார். அண்ணனின் காசைப் பார்த்து அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

காசு சேகரிப்பவர்களும் தம்பியின் காசையே விரும்புவார்கள். தேய்த்த காசை அவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு மதிப்புக் குறைவு.

தேய்த்துவிட்ட காசு வீட்டில் இருந்தால் என்ன செய்வது? அப்படியே விட்டுவிடுங்கள். காலப்போக்கில் அது தானாகப் பழுப்பாகும். அழிந்த எழுத்து மட்டும் திரும்பி வராது.

எதைச் செய்யலாம்?

மண்ணும் தூசியும் மட்டும் ஒட்டியிருந்தால் அதை அகற்றலாம். அவசரப்படக் கூடாது.

முதலில் காசை விளிம்பில் பிடியுங்கள். முகத்தைத் தொடாதீர்கள். விரலில் வியர்வை இருக்கும். வியர்வையில் உப்பு உண்டு. கீழே ஒரு துணியை மடித்து விரித்துக்கொள்ளுங்கள். கை தவறினாலும் காசுக்கு அடிபடாது.

காய்ந்த மண் உதிர்கிறதா என்று பாருங்கள். மிக மென்மையான தூரிகையால் மெல்லத் தட்டுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். மணல் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் காசில் கீறல் விழும்.

மண் போகவில்லையா? தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். அவற்றில் உப்பு இருக்கும். காய்ச்சி வடித்த நீர் வேண்டும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் அதுதான். கடையில் கேட்கும்போது கவனம் தேவை. பேட்டரி ஆசிட் என்பது வேறு. அது காசையும் அரிக்கும், கையையும் எரிக்கும். தண்ணீர்தானா என்று புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அந்த நீரை ஊற்றிக் காசைப் போடுங்கள். ஒரு கிண்ணத்தில் ஒரு காசு மட்டும் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சில நாட்களில் மண் இளகும். இளகிய மண்ணை மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். ஊசி, கத்தி, கம்பித் தூரிகை வேண்டாம். மண்ணோடு பச்சைத் தோலும் பெயர்ந்து வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கடைசியில் காசைப் பருத்தித் துணியில் வைத்து ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள். ஈரம் துளியும் இல்லாமல் உலரவிடுங்கள். நிழலில் ஒரு நாள் முழுதும் இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டும். நாளாக நாளாக எண்ணெய் கெட்டுப்போய்ச் செம்பை அரிக்கும். பல் பொடி, செங்கல் தூள், சோப்புத் தூள், பாத்திரம் துலக்கும் பொடி எதுவுமே வேண்டாம்.

காசுக்கும் நோய் வரும்

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கெட்டியான கரும்பச்சை நல்ல தோல். அதை விட்டுவிடலாம்.

வெளிர்பச்சை நிறத்தில் பொடி பொடியாக, மாவு போலப் பூத்திருந்தால் அது நோய். தட்டினால் உதிரும். உதிர்ந்த இடத்தில் குழி தெரியும். சில நாளில் அங்கே மறுபடியும் பொடி பூக்கும்.

இந்த நோய்க்குக் காரணம் உப்பு. மண்ணில் உள்ள உப்பு காசுக்குள் போகிறது. காற்றில் ஈரம் பட்டதும் உப்பு வேலை செய்கிறது. செம்பு பொடியாக மாறுகிறது. அந்தப் பொடியிலிருந்து வரும் அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்கிறது. இப்படியே தொடர்ந்தால் காசு ஓட்டையாகிப் போகும். கடலோர ஊர்களில் இந்த நோய் அதிகம். அங்கே காற்றிலேயே உப்பும் ஈரமும் உண்டு.

நோய் வந்த காசை என்ன செய்வது? மற்ற காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள். ஈரம் படாமல் வையுங்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம். இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் இதற்காகவே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். மத்திய அரசு 1976இல் லக்னோவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. பழைய பொருட்களைக் காக்கும் வழிகளை அங்கே ஆராய்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அருங்காட்சியகம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

எப்படி வைக்க வேண்டும்?

ஒவ்வொரு காசையும் தனித்தனி உறையில் வையுங்கள். காசுகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. வாசனை அடிக்கும் மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளானால் அதிலிருந்து பிசின் போல ஒன்று கசியும். அது காசில் பச்சைக் கறையாகப் படியும். செய்தித்தாளில் மடிக்காதீர்கள். அதில் அமிலம் உண்டு. ரப்பர் பேண்டு போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் செம்பைக் கறுக்க வைக்கும்.

உறைகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். புதுப் பெட்டி, செருப்பு, மருந்துப் புட்டி வாங்கும்போது உள்ளே ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அது சிலிக்கா ஜெல். ஈரத்தை உறிஞ்சும். அதைச் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் புதிது மாற்றுங்கள்.

எழுதி வையுங்கள்

உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். காசை வெளியே எடுத்துவிட்டு எழுதுங்கள். காசு யாரிடமிருந்து வந்தது? எங்கே கிடைத்தது? எந்த ஆண்டு கிடைத்தது? காசில் என்ன படம் இருக்கிறது? நான்கு வரி போதும். பாட்டிக்குத் தெரிந்த கதை பாட்டியோடு போய்விடக் கூடாது. உங்கள் கையெழுத்தில் எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.

மண்ணுக்குள் கிடைத்தால்?

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சில இடங்களில் காசுப் பானை கிடைப்பது உண்டு. அப்போது காசுகளைக் கழுவாதீர்கள். பங்கு பிரிக்காதீர்கள். பானையோடு, மண்ணோடு அப்படியே இருக்கட்டும். எந்தக் காசு எந்தக் காசோடு கிடந்தது என்பதும் வரலாறுதான்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. கண்டெடுத்தவர் தம் பங்கையும் இழப்பார். முறைப்படி தெரிவித்தவருக்கு அந்தச் சட்டத்திலேயே உரிமை உண்டு.

ஏமாறாதீர்கள்

"பழைய காசு கொடுத்தால் லட்ச ரூபாய்" என்று சிலர் சொல்லுவார்கள். அதற்கு முன் கட்டணம் கட்டு, கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்லுவார்கள். நம்பாதீர்கள். பழைய காசு வாங்கி விற்கும் வேலையில் தனக்குத் தொடர்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021இல் அறிவித்தது. இதற்காக யாரிடமும் தான் பணம் கேட்பதில்லை என்றும் சொன்னது.

இன்னும் சிலர், "இந்தச் செம்புக் காசு அரிசியை இழுக்கும்" என்பார்கள். செம்பு எதையும் இழுக்காது. இதை நம்பிப் பலர் பெரும் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

நினைவில் வைப்போம்

பழுப்பும் கரும்பச்சையும் காசின் தோல். அதை எடுக்கக் கூடாது.
புளி, எலுமிச்சை, உப்பு, சாம்பல் கூடாது.
மண் போக, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கலாம்.
வெளிர்பச்சைப் பொடி நோய். பிரித்து வைத்து, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.
சந்தேகம் வந்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே நல்லது.

சொல்லுங்கள் பார்ப்போம்

1. குடத்தைத் தேய்க்கிறோம். காசை ஏன் தேய்ப்பதில்லை?
2. நல்ல பச்சைக்கும் நோய்ப் பச்சைக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் வீட்டில் பழைய காசு இருக்கிறதா? அதில் உள்ள ஆண்டைப் படித்து, அது யார் தந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, நான்கு வரி எழுதுங்கள்.