கூடாரத்துக்கு இடம் பார்ப்பது எப்படி?

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போனவர்கள் அருகிலுள்ள ஔஷதகிரியையும் கெடிலம் ஆற்றையும் பார்த்திருப்பீர்கள். குன்று, ஆறு, மர நிழல். சாரணர் முகாமுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பழகிய சாரணர் ஆற்று மணலில் கூடாரம் அடிக்க மாட்டார். மேற்கே எங்கோ பெய்த மழை, இங்கே வெயில் காயும்போதே வெள்ளமாக வந்துவிடும். மேட்டு நிலமாக, தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இல்லாத இடமாகத்தான் தேடுவார்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சுமார் 20 சிறுவர்களோடு சாரண இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய முகாமில் தொடங்கியது இந்த முகாம் பழக்கமெல்லாம். நம் பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்தது.

முகாமில் முதல் பாடம் பெரும்பாலும் முடிச்சுதான். வலது முனையை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று; பிறகு இடதை வலதின் மேல் போட்டு இன்னொன்று. தட்டையாகப் படியும், காயக்கட்டில் உறுத்தாது. பாரம் தாங்கும் கயிற்றில் மட்டும் இதை நம்பக் கூடாது. கழுத்துத் துணியே அவசரத்தில் முறிந்த கைக்குத் தூளியாகும்.

பத்து வயதானால் சாரணராகச் சேரலாம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் சாரணர் படை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.