உங்களுக்குத் தெரியுமா? பெண்ணைக் குறித்த ஆண்பால் சொல்!

இன்றைய ஆங்கிலத்தில் மேசைக்கும் நிலாவுக்கும் பால் கிடையாது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலோ எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பெண்ணைக் குறித்த 'வீஃப்மன்' அதில் ஆண்பால்! கூட்டுச்சொல்லின் பாலைக் கடைசிப் பகுதியே தீர்மானித்தது, 'மன்' ஆண்பால். ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷன்' இன்றும் பெண்பால் இல்லை; 'ஷன்' விகுதி ஏற்ற எந்தச் சொல்லும் ஆண்பாலுமாகாது, பெண்பாலுமாகாது. ஆக, இத்தகைய மொழிகளில் இலக்கணப் பால் பல நேரங்களில் சொல்லின் வடிவத்தைப் பொறுத்தது. அம்மா பெண்பால், அப்பா ஆண்பால்தானே என்று கேட்கலாம். உண்மைதான், உறவுப்பெயர்களில் இலக்கணப் பாலும் இயற்கைப் பாலும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் சூரியன் பிரெஞ்சில் ஆண்பால், ஜெர்மனில் பெண்பால், நிலா நேரெதிர். இயற்கை இதற்கு எப்படிப் பொறுப்பாகும்? அந்த ஆண்பால் 'வீஃப்மன்'தான் தேய்ந்து இன்றைய 'வுமன்' ஆனது.