விடிய விடிய படிச்சும் மார்க் வரலையா? புத்தகத்தை மூடிட்டு படிங்க!

சங்ககிரி:

பரீட்சை நெருங்கிவிட்டால் சங்ககிரி சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான். "பையன் ராத்திரி 11 மணி வரைக்கும் புக்கும் கையுமாத்தான் உக்காந்திருக்கானுங்க. ஆனா மார்க்தான் வரமாட்டேங்குது" என்பார்கள். லாரி டிரைவர் வீடானாலும் சரி, விசைத்தறி தொழிலாளி வீடானாலும் சரி, இதே கதைதான்.

பையன் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்தது உண்மை. உட்கார்ந்து என்ன செய்தான் என்பதுதான் விஷயம்.

பெரும்பாலான மாணவ-மாணவிகள் படிப்பு என்று செய்வது, ஒரே பாடத்தை நாலு தடவை, அஞ்சு தடவை வாசிப்பது. முக்கியமான வரிகளுக்கு கலர் பேனாவில் கோடு போடுவது. மூணாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அங்கேதான் ஏமாற்றம். தினமும் பஸ்சில் போகிற வழியில் இருக்கிற கடை போர்டு கண்ணுக்கு நல்ல பழக்கம்தான். அதில் எழுதியிருக்கிற போன் நம்பரை சொல்லு என்றால் எத்தனை பேருக்கு தெரியும்?

லாரிக்கு பேர்போன ஊர் சங்ககிரி. இங்கே யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 10 வருஷம் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த கிளீனருக்கு வண்டி ஓட்ட வராது. ஸ்டியரிங்கை பிடித்து, கியர் மாற்றும்போது வண்டி ஆப் ஆகி, திட்டு வாங்கி, மறுபடியும் ஸ்டார்ட் செய்தால்தான் வரும். புத்தகத்தை திரும்பத் திரும்ப வாசிப்பது இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

அமெரிக்காவில் நடந்த சோதனை

இதை அமெரிக்காவில் சோதனை செய்தே பார்த்துவிட்டார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை சேர்ந்த ரோடிகர், கார்பிக்கே என்ற 2 உளவியல் நிபுணர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இது.

மாணவர்களிடம் ஒரு சின்ன பாடத்தை கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை 4 முறை நேரம் ஒதுக்கி வாசித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறைதான் வாசித்தார்கள். மீதி 3 முறையும் பாடத்தை பார்க்காமல், ஞாபகம் இருந்ததை தாளில் எழுதினார்கள்.

5 நிமிஷம் கழித்து கேட்டபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து கேட்டபோது கதை தலைகீழ். வாசித்தவர்கள் சொன்னது சுமார் 40 சதவீதம். பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் சொன்னது சுமார் 61 சதவீதம்.

பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று கடைசி நேரத்தில் புரட்டினால் கொஞ்சம் கைகொடுக்கத்தான் செய்யும் என்பது இதில் தெரிகிறது. ஆனால் காலாண்டுக்கு அப்படி புரட்டிய பாடம் முழு ஆண்டு தேர்வில் காணாமல் போய்விடும்.

காலண்டர் தாள் போதும்

செய்ய வேண்டியது ரொம்ப சின்ன வேலை. பாடத்தை ஒரு தடவை நிதானமாக, புரிந்து வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட வேண்டும். கிழித்துப்போட்ட தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். அதில் ஞாபகத்தில் இருப்பதை எழுத வேண்டும். முதல் நாள் பாதிகூட வராது. கை நின்றுவிடும், எரிச்சலாக இருக்கும். பயப்பட வேண்டாம், அந்த முட்டலில்தான் பாடம் மனசில் ஏறுகிறது. பிறகு புத்தகத்தை திறந்து, எது விட்டுப்போனதோ அதை மட்டும் பார்த்தால் போதும்.

அதே பாடத்தை 2, 3 நாள் கழித்து ஒரு தடவையும், அடுத்த வாரம் ஒரு தடவையும் இதேபோல எழுதிப் பார்க்க வேண்டும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மனியை சேர்ந்த எப்பிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதனை செய்து 1885-லேயே புத்தகமாக போட்டுவிட்டார். முதல் நாளிலேயே பெரும் பகுதி கரைந்துவிடுகிறது. இடைவெளி விட்டு மறுபடி தொட்டால் கரைவது குறைகிறது.

கணக்குக்கும் இதுதான் வழி. நோட்ஸில் போட்டிருக்கும் கணக்கை பார்த்து தலையாட்டினால் வராது. விடையை மறைத்துவிட்டு போட்டுப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்துவிட்டு ராத்திரி நன்றாக தூங்கவும் வேண்டும். படித்தது மூளையில் பதிய தூக்கமும் தேவை.

டைப்ரைட்டிங் கற்றுத்தரும் பாடம்

தொழில் கற்றுக்கொள்வதிலும் இதே விதிதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தினமும் ஒரு மணி நேரம்தான் வகுப்பு. "ஏ எஸ் டி எப் ஜி எப்" என்று பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும். "ஒரே நாள்ல 4 மணி நேரம் உக்காந்தா சீக்கிரம் முடிச்சிரலாமே" என்று பசங்களுக்கு தோன்றும். முடியாது.

இங்கிலாந்து தபால் துறையில் தபால்காரர்களுக்கு டைப் அடிக்க பயிற்சி கொடுத்தபோது இதை கணக்கெடுத்தார்கள். 1978-ல் அந்த ஆய்வு வெளியானது. தினம் ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு எழுத்துகள் எல்லாம் கைக்கு வர மொத்தம் சுமார் 35 மணி நேரம் ஆனது. தினம் 4 மணி நேரம் பழகியவர்களுக்கோ சுமார் 50 மணி நேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், ஒரு மணி நேர குரூப்தான் "எங்களுக்கு மெதுவாகத்தான் வருகிறது" என்று குறைபட்டுக்கொண்டது. நாள் கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு அதிக நாள் ஆனது அல்லவா!

இந்த டைப்பிங் இன்றைக்கும் சும்மா இல்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இங்கிலீஷ் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை வேகம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வில் தட்டச்சர் வேலைக்கு போக இந்த சர்டிபிகேட் இருந்தே ஆகவேண்டும்.

நாமக்கல் பார்முலா

சங்ககிரிக்கு பக்கத்திலேயே திருச்செங்கோடு. அந்தப் பக்கம் நாமக்கல், ராசிபுரம். ஒரு காலத்தில் பிளஸ்-2 மார்க் என்றாலே தமிழ்நாடு முழுக்க நாமக்கல் மாவட்டத்தைத்தான் திரும்பிப் பார்க்கும். நுழைவுத்தேர்வு 2007-ல் ஒழிந்த பிறகு டாக்டர் சீட்டுக்கும் என்ஜினீயரிங் சீட்டுக்கும் பிளஸ்-2 மார்க் மட்டுமே கணக்கு என்று ஆனது. பல ஹாஸ்டல் பள்ளிகளில் பிளஸ்-1 புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டு 2 வருஷமும் பிளஸ்-2 பாடத்தையே உருப்போட வைத்தார்கள். 200-க்கு 200 குவிந்தது.

அடி விழுந்தது பிறகுதான். வெக்டர், நியூட்டன் விதி, வகை நுண்கணிதத்தின் தொடக்கம் எல்லாம் பிளஸ்-1 பாடம். அது தெரியாமல் என்ஜினீயரிங் காலேஜுக்கு போனால் முதல் வருஷத்திலேயே அரியர்தான். 2017-ல் மருத்துவ சேர்க்கைக்கு நீட் வந்தபோது கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ்-1 பகுதியில் இருந்து வந்தது. அந்த வருஷம்தான் ரேங்க் பட்டியல் நிறுத்தப்பட்டது. பிளஸ்-1-க்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது.

2025 ஆகஸ்டு 8-ந்தேதி வெளியான மாநில கல்விக்கொள்கை, 2025-26 கல்வியாண்டில் இருந்து பிளஸ்-1 பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்தது. பிள்ளைகளுக்கு பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் "பிளஸ்-1 தானே" என்று எந்தப் பள்ளியாவது பழையபடி பாடத்தை தாண்டிப்போனால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். நோட்டை வாங்கிப் பார்த்து, பிளஸ்-1 பாடம் நடக்கிறதா என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடன் வாங்கி ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மருத்துவ படிப்பில் அரசுப்பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டம் 2020-ல் வந்தது. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப்பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் அது. நடுவில் மாற்றினால் போச்சு.

படிக்காத பெற்றோர் என்ன செய்யலாம்?

"எங்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்க, புள்ளைக்கு என்னத்த சொல்லிக்கொடுக்கறது?" என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். தறிக்கு நைட் ஷிப்ட் கிளம்புவதற்கு முன் 10 நிமிஷம். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன கண்ணு படிச்ச? எனக்கு புரியற மாதிரி சொல்லு" என்று கேட்கலாம். அம்மாவுக்கு புரியும்படி சொல்ல வேண்டுமானால் பிள்ளைக்கு முதலில் புரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் திக்குகிறதோ அந்த இடம் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்போது திட்டக்கூடாது. புத்தகத்தை திரும்பக் கொடுத்து, விட்டதை அவர்களையே தேடச் சொல்ல வேண்டும். 3 நாள் கழித்து அதே பாடத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும்.