கடைசித் தவணையைக் கொடுக்குமுன் கேமராவைத் திறந்து பாருங்கள்

திருட்டு நடந்த மறுநாள் காலையில்தான் பலருக்கும் தங்கள் வீட்டு கேமராவோடு முதல் அறிமுகமே நடக்கிறது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் "ஃபுட்டேஜ் எடுத்துக் குடுங்க சார்" என்கிறார். கம்ப்யூட்டரில் பதிவுப் பெட்டியான டிவிஆரின் முகவரியைத் தட்டினால் வெள்ளைத் திரை. அல்லது பிளக்கின் நிறுவச் சொல்லி ஒரு வரி. அட்மின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. கேமரா மாட்டியவருக்கு போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தால் "நாளைக்கு வர்றேண்ணே" என்கிறார். அவர் வருவதற்குள் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடுகிறது.

இதைவிட மோசமானது இன்னொன்று. படம் தெரியவில்லை என்றதும் யாரோ சொன்ன வழியெல்லாம் செய்துபார்ப்பது: ஆன்டிவைரஸை அணைப்பது, எங்கிருந்தோ ஒரு பிளக்கினை இறக்குவது, ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது. வீட்டுக்குக் காவல் வைக்கப்போய், வீட்டுக்குள்ளே பார்க்க ஊர் உலகத்துக்கே ஜன்னல் திறந்துவிடுகிறார்கள். பிரவுசரில் படம் வராதது சின்னத் தொல்லைதான். அதைச் சரிசெய்ய நாம் செய்யும் அவசர வேலைதான் ஆபத்து.

ஏன் திறப்பதில்லை?

பழைய டிவிஆர்கள் பலவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் அதன் ஆக்டிவ்எக்ஸ் பிளக்கினையும் நம்பிச் செய்யப்பட்டவை. மற்ற பிரவுசர்களுக்கான பிளக்கின் வகையை குரோம் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் கைவிட்டன. ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வுக்கு அனுப்பியது. மேக் கம்ப்யூட்டரில் 2019இல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் மென்பொருள்கள் ஓடுவது நின்றுபோனது. பெட்டி மாறவில்லை, உலகம் மாறிவிட்டது. கடைக்காரருக்கு இது தெரியும். விற்கும்போது சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த வழி?

முதல் வழி, டிவிஆர் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. பல மாடல்களுக்குப் பிளக்கின் இல்லாமலே குரோமிலும் எட்ஜிலும் ஓடும் பதிப்பு வந்திருக்கிறது. மாடல் எண் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். ஒரு மாடலின் ஃபர்ம்வேரை இன்னொன்றில் ஏற்றினால் பெட்டி செத்துப்போகலாம். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

இரண்டாவது வழி, அதே தயாரிப்பாளர் தரும் கம்ப்யூட்டர் மென்பொருள். பிரவுசரே வேண்டாம். விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனித்தனிப் பதிப்பு இருக்கிறதா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆன்விஃப் என்ற பொதுத் தரத்தை ஏற்கும் கேமராவாக வாங்கினால், அதன் நேரலை முகவரியான ஆர்டிஎஸ்பி முகவரியை விஎல்சி பிளேயரில் கொடுத்து வீட்டுக்குள்ளேயே படத்தைப் பார்க்கலாம்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால்தான் மூன்றாவது வழி: எட்ஜ் பிரவுசரின் ஐஇ மோடு. இது விண்டோஸில் மட்டும். எட்ஜின் மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ் போங்கள். டீஃபால்ட் பிரவுசர் பகுதியில், தளங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் திறக்க அனுமதிக்கும் இடத்தில் அலவ் கொடுத்து, எட்ஜை மூடித் திறங்கள். அதே பக்கத்தில் உங்கள் டிவிஆரின் உள்முகவரியை மட்டும் சேருங்கள். பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவதுதான் அது. இந்த அனுமதி 30 நாளில் காலாவதியாகும். மறுபடி சேர்க்க வேண்டும். போன மாதம் வந்த படம் இந்த மாதம் வரவில்லை என்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள்.

இந்த மோடில் டிவிஆரைத் தவிர வேறு எந்தத் தளத்தையும் திறக்காதீர்கள். ஐஇ மோடில் திறக்கச் சொல்லி ஏமாற்றித் தாக்குதல் நடத்துவது 2025 ஆகஸ்டில் தெரியவந்து, மைக்ரோசாஃப்ட் அதற்கான எளிய பொத்தான்களையே எடுத்துவிட்டது. வங்கி வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்யாமலிருப்பது இன்னும் நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கின் தேவைப்பட்டால் டிவிஆரே தருவதை அல்லது தயாரிப்பாளர் தளத்தில் உள்ளதை மட்டும் ஏற்றுங்கள். யூடியூப் வீடியோவுக்கு அடியில் இருக்கும் இணைப்பிலிருந்து ஒருபோதும் வேண்டாம்.

உள்ளே நுழைய முடிகிறது, படம் மட்டும் கறுப்பாக இருக்கிறதா? பெரும்பாலும் எச்.265 வடிவத்தில் ஓடுவதுதான் காரணம். எல்லாப் பிரவுசரும் அதைக் காட்டாது. டிவிஆரின் என்கோடு பகுதியில் சப் ஸ்ட்ரீமை மட்டும் எச்.264 ஆக்குங்கள். பதிவாகும் மெயின் ஸ்ட்ரீமைத் தொட வேண்டாம்; தொட்டால் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிறையும்.

சாவி யார் கையில்?

வெளிநாட்டில் இருக்கும் மகன், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக கேமரா மாட்டச் சொல்கிறான். மாட்ட வந்தவர் தன் போனிலேயே ஆப்பை இறக்கி, தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, பெட்டியின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். மகனுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் பகிரப்படுகிறது. அந்த வீட்டு கேமராவின் உரிமையாளர் இப்போது யார்? மாட்ட வந்தவர். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கடையை மூடினாலும், போனைத் தொலைத்தாலும், அம்மா நடமாடும் கூடம் அந்தப் போனில் இருக்கிறது.

கணக்கு உங்கள் போன் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் தட்ட வேண்டும், அவர் திரும்பி நிற்க வேண்டும். அவருக்கு வேலை இருந்தால் தனியாக ஒரு யூசர் உண்டாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நம் அலட்சியத்துக்கு அளவே இல்லை. 2016இல் மிராய் என்ற தீம்பொருள், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டே மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் பிடித்துப் படையாகத் திரட்டியது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதள முகவரிகளுக்கு வழிகாட்டும் டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகளோடு, யூடியூபுக்கும் டெலிகிராமுக்கும் போயின. அதே ஆண்டு நவம்பரில் தென் கொரியக் காவல்துறை, சுமார் 1,20,000 இணைய கேமராக்களை ஊடுருவியதாக நான்கு பேரைக் கைதுசெய்ததாக அறிவித்தது. எளிய பாஸ்வேர்டுகள்தான் அங்கே கதவு. இத்தனைக்குப் பிறகும் அட்மின், 12345 என்று வைத்திருப்பவர்களிடம் என்ன சொல்வது? இன்றைக்கே மாற்றுங்கள். கட்டுரையைப் பிறகு படிக்கலாம்.

ரவுட்டரில், தானாகப் போர்ட்டைத் திறந்துவிடும் யுபிஎன்பி வசதி அணைந்திருக்கட்டும். 'வெளியிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிட்டேன்' என்று மாட்டுபவர் சொன்னால் எடுத்துவிடச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் ஆப் வழியாகப் பார்ப்பது வீட்டுத் தேவைக்குப் போதும். கேமராக்களுக்கு ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையைக் கொடுத்தால், கேமரா ஊடுருவப்பட்டாலும் வீட்டுக் கம்ப்யூட்டரை எட்டுவது கடினம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய காகிதங்கள்

இந்தியாவில் சிசிடிவி கேமராவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள் என்று வரும். பொருந்தவில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பு கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையையும் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆணை போட்டதோடு கடமை முடிந்தது என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள்போலும். வாங்குபவருக்கு இதை யார் சொன்னார்கள்? பழைய சரக்கை மலிவாகத் தள்ளும் கடைக்காரர் சொல்லப்போவதில்லை. நீங்களே கேளுங்கள்.

18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம்பிடிக்க பில் வேண்டாம் என்பவர்களுக்கு: பில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கு முதல் படியிலேயே தடுமாறும். பில்லில் மாடல் எண், சீரியல் எண், உத்தரவாதக் காலம், "விண்டோஸ் 11இல் இந்த பிரவுசரில் இயங்கும்" என்ற ஒரு வரி நான்கும் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஜன்னல் உங்களுடையதல்ல

சொந்த வீட்டுக்காக ஒருவர் கையாளும் தகவல்களுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அதனால் எதையும் படம்பிடிக்கலாம் என்று பொருளல்ல. உடை மாற்றும் இடம் போன்ற அந்தரங்கத்தில் ஒரு பெண்ணைப் படம்பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு வரும். முதல் முறைக்கே ஓராண்டிலிருந்து மூன்றாண்டுவரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில், மூன்றாண்டுவரை சிறையோ 2 லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. கூட்டாகக் குடியிருக்கும் வீட்டின் வசிப்பிடத்துக்குள், மற்றவர் சம்மதமில்லாமல் கேமரா வைக்க முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு எதிரான மேல்முறையீட்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அண்ணன் தம்பி வீட்டுச் சண்டைக்கு கேமராவைத் துணைக்கு அழைப்பவர்கள் இதைப் படிக்கட்டும். டிவிஆரில் பிரைவசி மாஸ்க் என்று ஒரு வசதி உண்டு. எதிர்வீட்டு ஜன்னல் மேல் அதைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சம்பவம் நடந்துவிட்டால்

முதலில் பதிவைக் காப்பாற்றுங்கள். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 86 ஜிபி. ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிறைந்து, முதல் நாள் அழியத் தொடங்கும். போலீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். தயாரிப்பாளரின் சொந்த வடிவத்தில் ஒரு பிரதி, எம்பி4 வடிவத்தில் ஒரு பிரதி. முன்னது சாட்சியத்துக்கு, பின்னது பார்ப்பதற்கு. டிவிஆரின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளியிருக்கிறது என்று எழுதிவையுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

பிரதி நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது: அ பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், ஆ பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி ஹாஷ் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். காவல்துறை டிவிஆரையே எடுத்துச் சென்றால், சீரியல் எண் எழுதிய மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கேமரா ஊடுருவப்பட்டதாகத் தெரிந்தால், ரவுட்டரிலிருந்து அதன் கேபிளைப் பிடுங்குங்கள். டிவிஆரை ரீசெட் செய்யாதீர்கள். யார் நுழைந்தார் என்ற லாக் அதில்தான் இருக்கும். லாக் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் பதியலாம். படம் வெளியாகிவிட்டால், அது வந்த தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் அன்றே எழுதுங்கள். முகவரி இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துவைத்த பிறகு எழுதுங்கள்.

நேரில் என்றால் உங்கள் மாவட்ட அல்லது மாநகர சைபர் கிரைம் காவல் நிலையம். "இது எங்க லிமிட் இல்ல" என்று உள்ளூர் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணு வழியாகத் தந்த தகவலானால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பயனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போங்கள். புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தியாக வீடு திரும்பிவிடாதீர்கள்.

பொருளே ஓடவில்லை, கடைக்காரர் கைவிரிக்கிறார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இத்தனை அலைச்சலும் வேண்டாமென்றால் ஒரே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். மாட்டுபவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், அவரை உட்காரவைத்து, உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் பிரவுசரில், உங்கள் பாஸ்வேர்டோடு கேமராவைத் திறங்கள். நேற்று மாலைப் பதிவு ஒன்றைத் தேடி எடுத்துப் பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பணத்தைக் கொடுங்கள். ஓடாவிட்டால் கொடுக்காதீர்கள், அவர் முகம் சுளித்தாலும் கொடுக்காதீர்கள்.