நீச்சல் குளத்தில் குளித்தால் அரிப்பு ஏன்? இறங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வெயில் கொளுத்தும் நாரணாபுரம், சிவகாசி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் என்றாலே கொண்டாட்டம்தான். ஆனால் குளிச்சு வந்ததும் உடம்பு அரிக்குது, கண் சிவக்குதுன்னா என்ன காரணம்?

குளோரின் வாடை தூக்கலா அடிச்சா தண்ணி சுத்தம்னு பலரும் நினைக்கிறாங்க. உண்மை நேர்மாறு. வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்து உருவாகும் குளோரமைன்தான் அந்த வாடைக்கும் எரிச்சலுக்கும் காரணம். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் இதிலேயே செலவாகிவிடும். கடும் வெயிலும் அதைக் குறைக்கும். அப்போது பெருகும் சூடோமோனாஸ் பாக்டீரியா, மயிர்க்கால்களில் சிவந்த கொப்புளங்களை உண்டாக்கும்.

ஆபத்து அரிப்போடு நிற்பதில்லை. திருவனந்தபுரம் ஆக்குளம் நீச்சல் குளத்தில் குளித்த 17 வயது மாணவருக்கு 2025 செப்டம்பரில் அமீபா மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டு, அந்தக் குளம் மூடப்பட்டது. இந்த அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும்.

என்ன கவனிக்கணும்?

- லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரின், பிஹெச் 7.0 முதல் 7.8 வரை இருக்கணும். சோதனைப் பதிவேட்டைக் கேளுங்க.
- அடித்தரை தெளிவாகத் தெரியலைன்னா இறங்காதீங்க. கலங்கிய தண்ணியில் மூழ்குபவர் கண்ணில் படமாட்டார்.
- சோப்பு போட்டுக் குளிச்சிட்டு இறங்குங்க.
- குளித்த சில நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால், குளத்தில் குளித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.